நாக்கு கேட்கும் தண்ணீர், உடம்பு கேட்கும் தண்ணீர்: ஆர்.ஓ. எந்த வீட்டுக்கு வேண்டும்?

போன மாதம் எங்கள் வீட்டு ஆர்.ஓ. மெஷினை (மெம்பிரேன் என்ற நுண்ணிய சவ்வு வழியாகத் தண்ணீரைத் தள்ளி உப்பை எடுப்பது) பார்க்க வந்த மெக்கானிக், "மெம்பிரேன் போயிருச்சுங்க. ஃபில்டர் செட்டோட சேர்த்து மாத்தினா 4,800 ஆகுங்க" என்றார். இதற்கு முன்பெல்லாம் அவர் சொல்லும் தொகையைக் கொடுத்து அனுப்பிவிடுவது வழக்கம். இந்த முறை இரண்டு நாள் கழித்துச் சொல்கிறேன் என்றேன். அதற்குக் காரணம் அதே வாரம் சென்னையிலிருந்து தங்கை செய்த போன். மேடவாக்கம் பக்கம் புதிதாக வாடகைக்குப் போயிருக்கிறாள். அந்த வீட்டில் போர் தண்ணீர் மட்டும்தான். "அக்கா, ஆர்.ஓ. வாங்கட்டுமா, கேனே போட்டுக்கட்டுமா? உங்க வீட்ல என்ன மெஷின்?" என்று கேட்டாள்.

எங்கள் மெஷினின் பெயரைச் சொல்லி, அதையே வாங்கிக்கோ என்று முடித்திருக்கலாம். ஆனால் சொல்ல வாய் வரவில்லை. நாங்கள் இருப்பது கோவையில், சிறுவாணித் தண்ணீர் வரும் பகுதியில். அவள் குடிக்கப்போவது நிலத்தடியிலிருந்து இறைக்கும் உப்புத் தண்ணீரை. இரண்டு வீட்டுக்கும் ஒரே மெஷின் எப்படித் தேவையாக இருக்க முடியும்? மூன்று வருடத்துக்கு முன் நாங்கள் அதை வாங்கியபோது தண்ணீரைச் சோதித்துப் பார்க்கவே இல்லை. பக்கத்து வீட்டில் இருந்தது, எதிர் வீட்டில் இருந்தது, கடைக்காரர் தவணை போட்டுக் கொடுத்தார். அவ்வளவுதான் நடந்தது.

சரி, முதலில் தண்ணீரிடம் உடம்பு கேட்பது என்ன என்று பார்த்துவிடலாம். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் வைத்திருக்கும் அளவுகோலின் பெயர் ஐ.எஸ். 10500. அதன்படி 100 மில்லி தண்ணீரில் இ.கோலை கிருமி ஒன்றுகூடத் தென்படக் கூடாது. நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, இதில் விலக்கே கிடையாது. ஃபுளோரைடு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழி இல்லாத இடத்தில் 1.5 வரை. கரைந்திருக்கும் மொத்த உப்புகள், நாம் எல்லாரும் டி.டி.எஸ். என்கிறோமே அது, லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீராதாரம் இல்லையென்றால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம்.

இதில் டி.டி.எஸ். மட்டும் கொஞ்சம் தனி ரகம். உலக சுகாதார நிறுவனம் அதற்கு உடல்நலத்தை வைத்து வரம்பு எதுவும் விதிக்கவில்லை. 600-க்குள் இருந்தால் குடிக்க நன்றாக இருக்கும், 1,000-ஐத் தாண்டினால் போகப்போக வாய்க்குப் பிடிக்காமல் போகும் என்று சுவையை வைத்துத்தான் பேசுகிறது. கிருமியும் நைட்ரேட்டும் ஃபுளோரைடும் உடம்பின் விஷயம். டி.டி.எஸ். பெரும்பாலும் நாக்கின் விஷயம். ஆனால் நம் சமையலறைக்கு வந்து மெஷின் விற்பவர்கள் கையில் இருப்பது டி.டி.எஸ். மீட்டர் ஒன்றுதான். அது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்து, அதை ஓர் எண்ணாக மாற்றிக் காட்டும். அந்த உப்பு சுண்ணாம்பா, சாப்பாட்டு உப்பா, நைட்ரேட்டா என்று அதற்குத் தெரியாது. கிருமி இருக்கிறதா என்பதும் தெரியாது.

அந்த மீட்டரை நானும் ஒன்று வாங்கினேன், 250 ரூபாய். முதலில் எங்கள் நல்ல தண்ணிக் குழாயில் பிடித்துப் பார்த்தேன். (கோவைப் பக்கம் பெரும்பாலான வீடுகளில் நல்ல தண்ணிக்கு ஒரு குழாய், மற்ற புழக்கத்துக்கான சப்பைத் தண்ணிக்கு ஒரு குழாய் என்று தனித்தனியாக இருக்கும்.) மீட்டர் 58 காட்டியது. மெம்பிரேன் நல்ல நிலையில் இருந்தபோது ஆர்.ஓ.விலிருந்து வந்த தண்ணீர் 8 என்று மெக்கானிக்கின் பழைய ரசீதில் எழுதியிருந்தது. 58-ஐ 8 ஆக்குவதற்கு மூன்று வருடம் பணம் கட்டியிருக்கிறோம்.

அதைவிட என்னை வாட்டியது அடுத்த அளவு. ஆர்.ஓ. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் கொடுக்க, எங்களுடையதைப் போன்ற மெஷினில் சுமார் மூன்று லிட்டரை வெளியே தள்ளும். அந்தக் கழிவுக் குழாயில் மீட்டரை வைத்தேன். 74. ஐ.எஸ். 10500 சொல்லும் 500-க்கு எவ்வளவோ கீழே! நாங்கள் சாக்கடைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது கழிவு நீரே இல்லை. பாலக்காடு மாவட்டத்து மலைக்குள் இருக்கும் அணையிலிருந்து, சுரங்க வழியாக இறங்கி, பல நாளுக்கு ஒருமுறை எங்கள் தெருவுக்கு வரும் சிறுவாணித் தண்ணீர் அது. நாளொன்றுக்கு 10 லிட்டர் குடிக்கவும் சமைக்கவும் எடுத்தால் 30 லிட்டர் வெளியே போகும். ஒரு வருடத்துக்கு ஏறக்குறைய 11,000 லிட்டர். 9,000 லிட்டர் லாரி ஒன்று நிரம்பி வழியும் அளவு. மூன்று வருடம் இதைச் செய்திருக்கிறோம் என்று நினைக்கும்போது இன்னும் மனசு ஆறவில்லை.

அம்மா முதல் வாரமே சொன்னார், "தண்ணி சப்புன்னு இருக்கே" என்று. சிறுவாணியின் ருசியைப் பற்றிப் பெருமை பேசாத கோவைக்காரர் இல்லை. அந்த ருசி அதில் இருக்கும் கொஞ்சம் உப்பிலிருந்துதான் வருகிறது. அதைப் பணம் கொடுத்து எடுத்துவிட்டோம். 2019-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், டி.டி.எஸ். 500-க்குக் குறைவான இடங்களில் ஆர்.ஓ. பயன்படுத்துவதைத் தடை செய்ய வேண்டும் என்று சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. அந்தச் செய்தியை அப்போது படித்தபோது அது எங்கள் வீட்டைப் பற்றியது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அப்படியானால் குழாய்த் தண்ணீரை அப்படியே குடித்துவிடலாமா? கூடாது. இங்கேதான் எங்கள் வீட்டின் உண்மையான தேவை இருக்கிறது. மாநகராட்சி குளோரின் போட்டுத்தான் அனுப்புகிறது. ஆனால் நாங்கள் அதைத் தொட்டியில் பிடித்து, மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றி, அடுத்த முறை தண்ணீர் வரும்வரை நாள்கணக்கில் வைத்திருக்கிறோம். குளோரின் மெல்ல மெல்லப் போய்விடும். அதற்குள் தொட்டி மூடியின் இடுக்கில் பல்லி விழலாம், மழைநீர் கசியலாம், சுவரில் பாசி படரலாம். ஆக எங்களுக்கு வேண்டியது கிருமியைக் கொல்லும் ஏற்பாடு. உப்பை எடுக்கும் ஏற்பாடு இல்லை.

கிருமிக்கு இருக்கும் வழிகளில் காய்ச்சுவதுதான் பழையது, இன்றும் முழுமையானது. தளதளவென்று கொதி வந்து ஒரு நிமிடம் நின்றால் போதும். பத்து நிமிடம், இருபது நிமிடம் கொதிக்கவிடத் தேவையில்லை, அது எரிவாயுவுக்குத்தான் கேடு. செலவைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 10 லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக சுமார் 100 கிராம் எரிவாயு ஆகும். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தண்ணீருக்கு மட்டும் என்றால் நாலரை மாதத்துக்கு மேல் வரும். சிலிண்டர் 900 ரூபாய் என்று வைத்தால் லிட்டருக்கு சுமார் 63 பைசா. நான் இதைவிடப் பல மடங்கு இருக்கும் என்று நினைத்திருந்தேன். இதில் உண்மையான சிரமம் காசில் இல்லை, நேரத்திலும் ஒழுங்கிலும் இருக்கிறது. தினமும் காய்ச்ச வேண்டும், ஆற வைக்க வேண்டும், காய்ச்சிய பாத்திரத்திலேயே மூடி வைக்க வேண்டும், டம்ளரைக் கையோடு உள்ளே முக்கக் கூடாது. வேலைக்குப் போகிறவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில் இது ஒரு வாரம் நடக்கும், அப்புறம் நின்றுவிடும். காய்ச்சினால் நைட்ரேட்டும் ஃபுளோரைடும் போகாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். தண்ணீர் ஆவியாவதால் அவற்றின் அளவு லிட்டருக்குக் கொஞ்சம் அதிகமாகவே ஆகும்.

யு.வி. மெஷின் அதே வேலையை விளக்கொளியால் செய்கிறது. புற ஊதாக் கதிர் கிருமியின் மரபணுவைச் சிதைத்து, அது பெருக முடியாமல் செய்துவிடும். தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும், கலங்கல் இருந்தால் கிருமி அதன் நிழலில் தப்பிவிடும். அதனால்தான் முன்னால் ஒரு வடிகட்டியும் கரி வடிகட்டியும் வைக்கிறார்கள். மின்சாரம் இல்லாவிட்டால் வேலை செய்யாது. விளக்கை ஏறக்குறைய வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட வெளியே தள்ளாது, ருசியை உருவிவிடாது. எங்கள் ஊரில் விசாரித்த வரையில் மெஷின் 8,000 ரூபாய், வருடச் செலவு 1,500 முதல் 2,000. யு.எஃப். என்ற இன்னொன்றும் உண்டு. மின்சாரமே வேண்டாம், மிக நுண்ணிய சவ்வு வழியாகத் தண்ணீரை வடிக்கும். பாக்டீரியா நின்றுவிடும், ஆனால் வைரஸ் முழுவதும் நின்றுவிடும் என்று நம்ப முடியாது. குழந்தையும் வயதானவர்களும் இருக்கும் வீட்டில் அதை மட்டும் நம்பியிருக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

எங்கள் வீட்டுக்கு முடிவு எடுப்பது பிறகு கடினமாக இல்லை. மெம்பிரேனை மாற்றவில்லை. யு.வி. வாங்கியிருக்கிறோம். தொட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழுவுவது என்று நாள்காட்டியில் குறித்திருக்கிறோம், எனக்கு இதுதான் மெஷினைவிட முக்கியமாகப் படுகிறது. அம்மா தனக்கு மட்டும் சீரகம் போட்டுக் காய்ச்சி மண்பானையில் ஊற்றி வைத்துக்கொள்கிறார். அது தேவையா ஆசையா என்று நான் கேட்கவில்லை. அதில் யாருக்கும் நட்டமில்லை.

தங்கை வீட்டுக்கு வருவதற்கு முன் தருமபுரிப் பக்கம் இருக்கும் எங்கள் பெரியம்மா ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏனென்றால் தேவையையும் ஆசையையும் பிரித்துப் பார்க்க அதைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரியாது. சின்ன வயதில் விடுமுறைக்குப் போனால் அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீரைச் சொம்பு சொம்பாகக் குடிப்போம். கண்ணாடி போலத் தெளிவு, உப்பு கரிக்காது. அந்த ஊரில் என் வயதுப் பிள்ளைகள் பலருக்குப் பல்லில் காவிக் கோடுகள் இருந்தன. வெற்றிலை போடுகிற வயதும் இல்லை. அது ஃபுளோரைடின் வேலை என்று பிற்பாடுதான் தெரிந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பாறையிலிருந்தே அது நிலத்தடி நீரில் கரைந்து வருகிறது. பல வருடம் குடித்தால் பல்லோடு நிற்காது, எலும்பையும் மூட்டையும் பிடிக்கும். அதற்காகவே ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் தணிப்புத் திட்டம் ஜப்பானியக் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013-இல் செயல்பாட்டுக்கு வந்தது.

அந்தக் கிணற்றடியில் நின்றால் யாருக்கும் மெஷின் வாங்கும் ஆசை வராது. நாக்கு எதையும் கேட்காது, கண் எதையும் கேட்காது. உடம்புக்கு மட்டும் அவசரத் தேவை இருக்கும், அது வாய் திறந்து சொல்லாது. ஒரு பொருள் வேண்டும் என்று மனசு எவ்வளவு அடித்துக்கொள்கிறது என்பதை வைத்துத் தேவையை அளக்கவே முடியாது என்று எனக்குப் புரிந்தது அந்தத் தண்ணீரை நினைத்தபோதுதான். குழாய்த் திட்டம் எட்டாத வீடாக இருந்தால் அங்கே ஆர்.ஓ. கட்டாயம், அல்லது ஃபுளோரைடை ஈர்க்கும் அலுமினா வடிகட்டி. காய்ச்சுவதும் யு.வி.யும் அங்கே உதவவே உதவா.

இப்போது மேடவாக்கம். தங்கை வீட்டுப் போர் தண்ணீரின் டி.டி.எஸ். 1,350. அவள் சொன்ன அறிகுறிகளே போதும்: துவரம்பருப்பு குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் முழுசாக நிற்கிறது, சோப்பு நுரைக்கவில்லை, காபியில் ஒரு கரிப்பு. தரநிலைப்படி 500-க்கு மேலே, 2,000-க்குக் கீழே. அதாவது விஷம் என்று பயப்பட வேண்டியதில்லை, வேறு வழி இருந்தால் தவிர்க்க வேண்டிய தண்ணீர். அவள் மூன்று வயதுக் குழந்தையை வைத்திருக்கிறாள்.

அவள் வீட்டுக்கு ஒரு விற்பனைப் பிரதிநிதி வந்து சோதனை காட்டினார். இரண்டு டம்ளர், ஒன்றில் போர் தண்ணீர், இன்னொன்றில் ஆர்.ஓ. தண்ணீர். இரும்புக் கம்பி, அலுமினியக் கம்பி பொருத்திய ஒரு கருவியை உள்ளே விட்டு சுவிட்சைப் போட்டார். ஒரே நிமிடத்தில் போர் தண்ணீர் பழுப்பாகி, பச்சையும் கறுப்புமாகக் கசடு மிதந்தது. ஆர்.ஓ. தண்ணீர் அப்படியே இருந்தது. "மேடம், இதைத்தான் உங்க குழந்தை குடிக்குது" என்றாராம். தங்கை அழாத குறையாக எனக்கு போன் செய்தாள்.

அந்தக் கசடு தண்ணீரில் இருந்ததே இல்லை. உப்பு உள்ள தண்ணீரில் மின்சாரம் நன்றாகப் பாயும், பாயும்போது கருவியில் இருக்கும் இரும்புக் கம்பியே கரைந்து துருவாக வெளியே வரும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு இல்லாததால் மின்சாரம் பாய்வதில்லை, கம்பியும் கரைவதில்லை. அதே ஆர்.ஓ. டம்ளரில் ஒரு சிட்டிகைச் சமையல் உப்பைப் போட்டுவிட்டு மறுபடி சுவிட்சைப் போடச் சொல், அதுவும் பழுப்பாகும் என்று சொன்னேன். அடுத்த நாள் அவர் வந்தபோது சொல்லியிருக்கிறாள். அவர் கருவியைப் பையில் வைத்துவிட்டார்.

ஒரு தாயின் பயத்தைக் கிளப்பி விற்பது தவறு, அதை எத்தனை பேர் செய்தாலும் தவறுதான். ஆனால் இந்தப் பொய்ச் சோதனைக்காக அவள் தேவையும் பொய் என்று ஆகிவிடாது. எங்கள் வீட்டில் இல்லாத தேவை அவள் வீட்டில் இருக்கிறது. அதனால் பயத்தைத் தள்ளி வைத்துவிட்டுக் கேனையும் ஆர்.ஓ.வையும் உட்கார்ந்து ஒப்பிட்டோம்.

நாளுக்கு 12 லிட்டர் என்றால் மாதத்துக்கு 18 கேன். அவள் தெருவில் கேன் 40 ரூபாய், ஆக 720. வருடத்துக்கு 8,640. ஆர்.ஓ. மெஷின் 15,000 ரூபாய், ஏழு வருடம் உழைக்கும் என்று வைத்தால் வருடத்துக்கு 2,150. ஃபில்டர், மெம்பிரேன், சர்வீஸ் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 4,500 வரை. மொத்தம் 6,650. வித்தியாசம் பெரிதில்லை, காசை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. கேனில் அவளுக்கு இருக்கும் சங்கடம் வேறு. இரண்டாவது மாடி, கணவர் வாரத்தில் பாதி நாள் வெளியூர், 20 லிட்டர் கேனைத் தூக்கிக் கவிழ்ப்பது அவள் முதுகுக்கு ஆகாது. கேனை உள்ளே எப்படிக் கழுவினார்கள், வெயிலில் எத்தனை நாள் நின்றது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. 2019 கோடையில் ஏரிகள் வற்றியபோது சென்னை தண்ணீருக்கு அலைந்ததை அவளும் பார்த்திருக்கிறாள். மறுபக்கம், ஆறு மாதத்தில் வீடு மாறுவதாக இருந்தால் நான் கேனையே சொல்லியிருப்பேன். மாறும் வீட்டில் மெட்ரோ வாட்டர் இணைப்பு இருந்தால், மெஷின் அங்கே பரணுக்குத்தான் போகும். சென்னைத் தண்ணீரில் ஒரு பகுதி மீஞ்சூர், நெம்மேலி ஆலைகளில் கடல்நீரிலிருந்து ஏற்கெனவே ஆர்.ஓ. முறையில் உப்பு நீக்கப்பட்டு வருவது. அதை வீட்டில் மறுபடி ஆர்.ஓ. செய்வதில் எந்தப் பொருளும் இல்லை.

அவள் இங்கே குறைந்தது மூன்று வருடம் இருப்பாள். ஆர்.ஓ. என்று முடிவு செய்தோம். ஆனால் கடையில் போய் நின்றதும் தேவைக்குள்ளேயே ஆசை புகுந்துவிட்டது. காப்பர் வைத்தது 3,000 ரூபாய் கூடுதல், ஆல்கலைன் இன்னொரு 4,000, சுடுதண்ணீர் தருவது, செல்போனில் காட்டுவது என்று வரிசையாக இருந்தன. ஆல்கலைன் தண்ணீர் வயிற்றுக்குள் போனதும் அங்கிருக்கும் அமிலத்தில் கலந்துவிடும். ரத்தத்தின் காரத்தன்மையை நுரையீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன, தண்ணீர் மெஷின் பார்ப்பதில்லை. செம்பும் கால்சியமும் நமக்குச் சாப்பாட்டிலிருந்து கிடைக்கின்றன. கீரையும் கேழ்வரகும் சாப்பிடுகிற குழந்தைக்கு மெஷினில் இருக்கும் மினரல் கேட்ரிட்ஜால் பெரிதாக எதுவும் கூடிவிடாது. அடிப்படை மாடலை வாங்கச் சொன்னேன். கழிவுக் குழாயை வாளிக்கு விட்டிருக்கிறாள். அந்தத் தண்ணீர் 1,800 காட்டுகிறது. தரை துடைக்க, கழிவறைக்கு ஊற்ற ஆகும், செடிக்கு ஊற்றாதே என்று சொல்லியிருக்கிறேன்.

ஒரே ஒரு விஷயம் பாக்கி. அவள் மெஷினில் டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்று ஒரு சின்னத் திருகு இருக்கிறது. தண்ணீர் சப்பென்று இருந்தால் அதைத் திறப்பார்கள், மெம்பிரேன் வழியாகப் போகாத போர் தண்ணீர் கொஞ்சம் கலந்து ருசி கூடும். போர் தண்ணீரில் நைட்ரேட் இருந்தால் அதுவும் கூடவே கலந்துவிடும். அந்தப் பகுதியில் கழிவுநீர்த் தொட்டிகள் அதிகம், அதனால் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் கட்டி, நைட்ரேட், ஃபுளோரைடு இரண்டுக்கும் தண்ணீர் கொடுத்திருக்கிறாள். அறிக்கை வரும்வரை அந்தத் திருகைத் திறக்க வேண்டாம் என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டாள்.